தெருவிசையும் தாய்மொழியும்

நுழையும்முன்

ஓர் இசை எங்கே பிறந்தது என்பதைக் காட்டிலும், அது யாருடைய வாழ்வைப் பேசுகிறது என்பதே முதன்மையானது. அயல்நாட்டுத் தெருவில் பிறந்த இசைவடிவம் ஒன்று தமிழ் பேசத் தொடங்கிய வரலாற்றை, கலைஞர் ஒருவரின் வாழ்வின்வழி விளக்குகிறது இப்பாடம்.

சந்தம் என்னும் பாலம்

திருச்சிராப்பள்ளியை அடுத்த வயலூரில் திருப்புகழ் பாடக் கேட்டவர்கள் ஓர் உண்மையை உணர்ந்திருப்பர். பொருள் விளங்குமுன்பே அதன் சந்தம் செவியை ஈர்த்துவிடும். தொல்காப்பியச் செய்யுளியல் இருபது வண்ணங்களைக் குறிப்பிடுகிறது. சொல்லைத் தாளத்தில் ஓடவிடும் கலை நமக்குப் புதிதன்று. தாளத்திற்கு இயைய, இயைபுத் தொடையோடு விரைந்து சொல்லும் 'ராப்' தமிழில் எளிதாக வேரூன்றியதற்கு இதுவும் ஒரு காரணம் எனலாம்.

ஹிப்ஹாப்பின் பிறப்பு

1973ஆம் ஆண்டு ஆகஸ்டு 11 அன்று, நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் நடைபெற்ற ஒரு விருந்தே ஹிப்ஹாப்பின் தொடக்கமாகக் கருதப்படுகிறது. ஜமைக்காவிலிருந்து குடியேறிய கூல் ஹெர்க், இசைத்தட்டுகளின் தாளப்பகுதியை மட்டும் நீட்டித்து ஒலிக்கச் செய்தார். வறுமையிலும் புறக்கணிப்பிலும் வாழ்ந்த இளைஞர்களுக்கு அது குரலாயிற்று. தமிழில் இவ்விசையைப் பரப்பியோருள் மலேசியாவின் யோகி பி குறிப்பிடத்தக்கவர். அவர்தம் குழுவின் 'வல்லவன்' இசைத்தொகுப்பு 2006இல் வெளிவந்தது.

பாடகர் இயக்குநராதல்

1990இல் கோயம்புத்தூரில் பிறந்த ஆதி, நண்பர் ஜீவாவுடன் இணைந்து 'ஹிப்ஹாப் தமிழா' என்னும் பெயரில் இயங்கினார். 2011இல் இணையத்தில் பரவிய பாடல் அவர்களுக்குப் புகழைத் தந்தது. அப்பாடல் பெண்களின் நடை உடைகளைச் சாடுகிறது என்னும் கண்டனமும் உடன் எழுந்தது. கூர்மையான சொல் யாரைத் தைக்கிறது என்பதையும் கலைஞர் எண்ணிப்பார்க்க வேண்டும் என்பதற்கு இது சான்று.

2015இல் 'ஆம்பள' திரைப்படத்தின்வழி இசையமைப்பாளரான ஆதி, 2017இல் தம் வாழ்வனுபவங்களைத் தழுவி 'மீசைய முறுக்கு' படத்தை எழுதி இயக்கி நடித்தார். 'சிவகுமாரின் சபதம்' (2021), 'கடைசி உலகப் போர்' (2024) ஆகியனவும் அவர் இயக்கியவையே.

கலையும் களமும்

2014 மே 7 அன்று உச்ச நீதிமன்றம் ஏறுதழுவலுக்குத் தடை விதித்தது. திருச்சிராப்பள்ளி மாவட்டத்துப் பெரிய சூரியூர் போன்ற ஊர்கள் தம் மரபு கைநழுவுமோ எனக் கலங்கின. அச்சூழலில் ஆதியின் 'டக்கரு டக்கரு' பாடல், நாட்டு மாட்டினப் பாதுகாப்பை இளைஞரிடம் கொண்டுசேர்த்தது. 2017 சனவரியில் மெரினாவில் மாணவர்கள் திரண்டபோது அவரும் துணைநின்றார். போராட்டம் திசைமாறுவதாகக் கூறி இறுதிக் கட்டத்தில் அவர் விலகினார். அம்முடிவைச் சிலர் ஏற்றனர், சிலர் கடிந்தனர். மக்கள் குரலாக நிற்பவர் மக்கள் வினாக்களுக்கும் ஆட்படுவர் என்பதை இந்நிகழ்வு உணர்த்துகிறது. உரிய சட்டத்திருத்தம் அம்மாதமே நிறைவேறியது. 2023இல் உச்ச நீதிமன்றம் அதனை ஏற்றது.

வேரைத் தேடி

2019இல் தமிழ் எழுத்தின் தோற்றத்தை ஆராயும் 'தமிழி' ஆவணத்தொடரை ஆதி தயாரித்து வழங்கினார். திரைப்பாடல் கேட்கும் இளையோர் கல்வெட்டையும் பானையோட்டையும் பற்றிப் பேச அது வழிவகுத்தது.

இத்தேடல் திருச்சிராப்பள்ளி மாணவருக்கு நெருக்கமானது. சோழர் தலைநகரான உறையூரில் 1965 முதல் 1969 வரை சென்னைப் பல்கலைக்கழகம் மேற்கொண்ட அகழாய்வில் தமிழி எழுத்துப் பொறித்த பானையோடுகள் கிடைத்தன. தமிழி ஆய்வில் வாழ்நாளைச் செலவிட்ட ஐராவதம் மகாதேவன் (1930–2018) இம்மண்ணில் பிறந்தவர். திருவரங்கக் கோவிலின் மதில்கள் நூற்றுக்கணக்கான கல்வெட்டுகளைச் சுமந்து நிற்கின்றன.

நாள்தோறும் அம்மதில்களைக் கடந்து செல்வோருள் அவற்றைப் படிக்க நிற்போர் மிகச் சிலரே. தாளம் நம்மை மொழியின் வாயில்வரை அழைத்து வரலாம். உள்ளே நுழைந்து எழுத்தைப் படிப்பது நம் கடமை. அதைச் செய்யும் இளைஞர், புதிய இசையைக் கேட்பதற்காகப் பழைய மொழியை இழக்க வேண்டியதில்லை என்பதைத் தாமே கண்டறிவர்.