உங்களுக்குத் தெரியுமா? ஐரோப்பாவின் கூடைப்பந்துக் கோப்பை

ஐரோப்பாவின் கூடைப்பந்துக் கிளப்புகளில் எது பெரியது? இதற்கு விடை காணத்தான் 1958-ல் ஃபிபா அமைப்பு ஐரோப்பியச் சாம்பியன்கள் கோப்பையைத் தொடங்கியது. இன்றைய யூரோலீகுக்கு அதுவே தாய்.

முதல் மூன்று கோப்பைகளையும் அள்ளியது, அன்றைய சோவியத் லாத்வியாவின் ரிகா நகர ராணுவ அணி. அதன் தூண் யானிஸ் க்ரூமின்ஷ். ஏழடியைத் தாண்டிய உயரம். காட்டில் வேலை பார்த்துக்கொண்டிருந்த இவர், இருபது வயதைக் கடந்த பிறகுதான் பந்தையே தொட்டார்! ஊத்தங்கரைப் பள்ளித் திடலானாலும் சரி, ரிகாவானாலும் சரி, வளையம் இருக்க வேண்டிய உயரம் 3.05 மீட்டர். க்ரூமின்ஷுக்குச் சற்றே எம்பினால் போதும்.

2000-ல் போட்டியே இரண்டாகப் பிளவுபட்டது. அந்தப் பருவத்தில் ஐரோப்பாவுக்கு இரண்டு சாம்பியன்கள்: மக்காபி டெல் அவிவ், கிண்டர் போலோன்யா.

அதிகக் கோப்பைகள் ரியல் மாட்ரிட்டிடம்; மொத்தம் 11. பதினோராவதை 2023-ல் கௌனாஸ் நகரில் வென்ற விதம் சிலிர்க்க வைப்பது. எதிரணி ஒலிம்பியாகோஸ் ஒரு புள்ளி முன்னிலை. மிச்சம் சில விநாடிகளே. அந்த ஆட்டத்தில் அதுவரை ஒரு புள்ளிகூட எடுக்காத ரியல் வீரர் செர்ஹியோ யுல் எம்பி எறிந்தார். 79-78!

கிளப் கூடைப்பந்து நம் மண்ணுக்கும் புதிதல்ல. தேனி மாவட்டம் பெரியகுளத்தில் சில்வர் ஜுபிலி கிளப் அரை நூற்றாண்டுக்கும் மேலாக நடத்திவரும் கோடைக்கால அகில இந்தியப் போட்டியில் இந்தியன் ஓவர்சீஸ் வங்கி, கடற்படை போன்ற பெரிய அணிகள் மோதியிருக்கின்றன.