கதவைத் திறக்க ஏன் தயக்கம்?

பெரம்பலூர், அரியலூர் பக்கம் ஒரு கிராமத்தில் சுகாதாரத் துறை ஜீப் ஒரே ஒரு வீட்டு வாசலில் நின்றால் போதும். 'அந்த வீட்டுல யாருக்கு என்னவாம்?' என்ற பேச்சு தெருமுனைக்குப் போய்விடும். காசநோய், தொழுநோய், எச்.ஐ.வி என்றால் கேட்கவே வேண்டாம். மகளுக்கு வரன் தட்டிப்போகுமோ, வேலை போய்விடுமோ என்று குடும்பமே பயப்படும். அதனால்தான் இந்த நோய்களைப் பற்றி ஆய்வு நடத்துபவர்களுக்கு, பேச முன்வரும் ஆட்களைக் கண்டுபிடிப்பதே முதல் சவால்.

மருத்துவமனைப் பதிவேட்டைப் பார்த்துத் தேடலாமே என்று தோன்றும். ஆனால், அதில் சிகிச்சைக்கு வந்தவர்கள் மட்டும்தான் இருப்பார்கள். நோயை மறைப்பவர்களும், உள்ளூரில் தெரியக் கூடாதென்று திருச்சிக்கோ தஞ்சாவூருக்கோ போய் மருந்து வாங்குபவர்களும் விடுபட்டுப்போவார்கள். பகலில் வீடு வீடாகப் போனாலும், மக்காச்சோளக் காட்டுக்கும் சிமென்ட் ஆலைக்கும் போனவர்களைப் பார்க்க முடியாது.

கணக்கு தவறினால் என்ன ஆகும்?

இந்தியாவில் எச்.ஐ.வி பாதித்தவர்கள் 50 லட்சத்துக்கும் மேல் என்றுதான் ஒருகாலத்தில் நம்பினார்கள். கர்ப்பிணிகள், பால்வினை நோய் சிகிச்சைக்கு வந்தவர்கள் என மருத்துவமனைகளில் எடுத்த கணக்கை வைத்துப் போட்ட மதிப்பீடு அது. 2005-06 தேசிய குடும்ப நல ஆய்வில், சம்மதம் கேட்டு, விரல் நுனியில் ஒரு துளி ரத்தம் எடுத்து, பெயர் குறிக்காமல் பரிசோதித்தார்கள். ஒரு லட்சம் பேருக்கு மேல் சம்மதித்தார்கள். அந்த முடிவும், விரிவாக்கப்பட்ட கண்காணிப்பும் சேர்ந்து, 2007-ல் மதிப்பீட்டைச் சுமார் 25 லட்சமாகக் குறைத்தன.

காசநோயில் நிலைமை வேறு. 2019-21-ல் நடந்த தேசியக் காசநோய் ஆய்வில், நோயாளிகளை மட்டும் தேடிப் போகவில்லை. தேர்ந்தெடுத்த பகுதிகளில் 15 வயதுக்கு மேற்பட்ட எல்லோரிடமும் அறிகுறிகளைக் கேட்டார்கள், மார்பு எக்ஸ்-ரே எடுத்தார்கள். எல்லோரையும் அழைத்ததால், யார் மீதும் தனியாக விரல் நீளவில்லை. அறிகுறி இருந்தவர்களில் 64 சதவிகிதம் பேர் சிகிச்சைக்கே போகவில்லை என்பது அதில்தான் தெரிந்தது. பதிவேட்டை மட்டும் நம்பியிருந்தால் அவர்கள் கண்ணில் பட்டிருக்கவே மாட்டார்கள்.

உங்கள் வீட்டுக்கு வந்தால்...

ஆய்வாளர் வந்தால், அடையாள அட்டையைக் காட்டச் சொல்லுங்கள். 'பெயரை எழுதுவீர்களா? தகவலை யார் பார்ப்பார்கள்? முடிவு எனக்குத் தெரியுமா?' என்று கேளுங்கள். திண்ணையில் பேசத் தயக்கமா? வேறு இடம், வேறு நேரம் கேட்கலாம். பெண்கள், பெண் பணியாளரிடம் பேச விரும்புவதாகச் சொல்லலாம். மறுக்கவும், பாதியில் விலகவும் உரிமை உண்டு. அதற்காக யாரும் சிகிச்சையை நிறுத்தக் கூடாது. எச்.ஐ.வி விஷயத்தில், சில விதிவிலக்குகள் தவிர, சம்மதமின்றி ஒருவரின் நிலையை வெளியிடுவதை 2017-ம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது.

பக்கத்து வீட்டுக்கு ஆய்வாளர் வந்தாலோ, நாம் செய்ய வேண்டியது ஒன்றுதான். எதற்கு வந்தார்கள் என்று விசாரிக்காமல் இருப்பது.