பாலியல் குற்றவாளிகள் பதிவேடு: ஜமாஅத்தின் பொறுப்பு என்ன?

பாலியல் குற்றத்தில் தண்டனை பெற்றவர் தம் பகுதியில் குடியிருந்தால், அமெரிக்காவில் பொதுமக்களே அதைத் தெரிந்துகொள்ளலாம். 1996-இல் வந்த மேகன் சட்டம் அதற்கு வழிசெய்தது. இந்தியாவிலும் 2018 செப்டம்பர் 20 முதல் தேசியப் பதிவேடு இருக்கிறது. ஆனால் அதைக் காவல்துறை போன்ற விசாரணை அமைப்புகள் மட்டுமே பார்க்க முடியும். பெற்றோரோ பள்ளிவாசல் நிர்வாகமோ பார்க்க முடியாது.

எனவே நம் மீது இரண்டு பொறுப்புகள் வருகின்றன.

முதலாவது, விசாரித்து வேலைக்கு வைப்பது. குழந்தைகள் தொடர்ந்து வந்துபோகும் நிறுவனங்கள் தம் ஊழியர் அனைவரையும் குறித்துக் காவல்துறைச் சரிபார்ப்பு செய்ய வேண்டும் என்று 2020-ஆம் ஆண்டின் போக்சோ விதிகள் சொல்கின்றன. மதரஸா உஸ்தாத் முதல் வேன் ஓட்டுநர் வரை யாருக்கும் இதில் விலக்குத் தரக் கூடாது.

இரண்டாவது, மறைக்காமல் இருப்பது. குடும்ப மானம் கருதி ஜமாஅத்திலேயே பேசி முடித்துவிடும் வழக்கம் சில ஊர்களில் உண்டு. குற்றம் நடந்தது தெரிந்தும் காவல்துறைக்குச் சொல்லாதவருக்கு, போக்சோ சட்டத்தின் 21-ஆம் பிரிவின்படி 6 மாதம் வரை சிறை கிடைக்கலாம். தம் ஊழியர் செய்த குற்றத்தை மறைக்கும் நிறுவனப் பொறுப்பாளருக்கு ஓராண்டு வரை சிறை. குழந்தையின் பெயரையோ அடையாளத்தையோ ஊடகங்கள் வெளியிட அதே சட்டம் தடை விதிக்கிறது. 1098 என்ற இலவச எண்ணிலும் தகவல் சொல்லலாம்.

பேசி முடிக்கப்பட்டவரின் பெயர் எந்தப் பதிவேட்டிலும் ஏறாது. அவர் அடுத்த ஊர் மதரஸாவில் வேலை கேட்டு நிற்பார். அங்கே எவ்வளவு விசாரித்தாலும் ஒன்றும் தெரியவராது. குழந்தைகள் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். அடுத்த ஊர்க் குழந்தைகளும்தான்.