கத்திக்கு என்ன விலை?

போடிநாயக்கனூரில் ஏலக்காய்க்கு விலை காண்பது எளிது. நறுமணப் பொருள் வாரியத்தின் ஏல மையத்தில் வணிகர்கள் போட்டியிட்டுக் கேட்க, காயின் பருமனுக்கும் நிறத்திற்கும் ஏற்ப விலை அமைந்துவிடுகின்றது. ஆனால், அந்த ஏலமலைச் சரிவுகளில் காய்ந்த தண்டுகளைக் கழிக்கவும் நிழல்மரக் கிளைகளைத் தறிக்கவும் பயன்படும் கத்திக்கு ஏலமும் இல்லை, விலைப்பட்டியலும் இல்லை. செய்தவரின் மனச்சாட்சியே அதற்குத் தராசு.

வாசக அன்பர்களே! உங்களில் ஒருவர் ஓய்வு நேரத்தில் பழைய லாரிப் பட்டையைக் காய்ச்சி அடித்து, தோய்ச்சல் கொடுத்து, பிடி பொருத்திக் கத்தி செய்யும் ஆர்வமுடையவர் என்று கொள்வோம். அவருக்குப் பிழைப்பு வேறு. பொருட்செலவு 250 ரூபாய் ஆயிற்று. "பொழுதுபோக்காய்ச் செய்ததுதானே" என்று 300 ரூபாய்க்குக் கொடுத்துவிடுகின்றார். வாங்கியவரும் மகிழ்கின்றார். இதில் தவறென்ன?

தவறு அக்கத்தியில் இல்லை. அடுத்த தெருவில் தெரிகின்றது. அங்கே உலைக்களத்தையே வாழ்வாகக் கொண்ட கொல்லர் அத்தகைய கத்திக்கு 700 ரூபாய் கேட்கின்றார். அதில்தான் அவர் வீட்டு அடுப்பு எரிய வேண்டும். "அவர் 300க்குத் தருகின்றாரே" என்னும் ஒரு சொல் அவர் கூலியைப் பறித்துவிடும்.

மதீனத்துச் சந்தையில் உலர்ந்த திராட்சை விற்ற ஹாத்திப் இப்னு அபீ பல்தஆ (ரலி) அவர்களிடம், விலையை உயர்த்துமாறும் இன்றேல் சந்தையை விட்டு நீங்குமாறும் ஹஜ்ரத் உமர் (ரலி) அவர்கள் கூறியதை இமாம் மாலிக் (ரஹ்) அவர்கள் 'முவத்தா'வில் பதிந்துள்ளார்கள். பின்னர் கலீபா அவர்களே அவர் இல்லம் சென்று, அது கட்டளையன்று, ஊரார் நலன் கருதிய சொல்லே எனத் தெளிவுபடுத்தியதாக இமாம் ஷாஃபிஈ (ரஹ்) வழி வரும் அறிவிப்பு கூறுகின்றது. விலையேற்றத்தின்போது விலையை நிர்ணயிக்குமாறு வேண்டப்பட்ட நாயகம் (ஸல்) அவர்களும் அதற்கு இசையவில்லை. ஆகவே, இது சட்டம் இடும் வரம்பன்று; உள்ளம் இட்டுக்கொள்ளும் வரம்பு.

எனில், எவ்வாறு விலை வைப்பது? பொருட்செலவைக் கூட்டுங்கள். கரியையும், தோய்ச்சலில் வெடித்து வீணான தகட்டையும் மறவாதீர்கள். பிறகு கூலியைச் சேருங்கள். தேர்ந்த கொல்லர் ஒரு நாளில் முடிப்பதற்கு உங்களுக்கு மூன்று நாளாயின், ஒரு நாள் கூலியே வாங்குபவர் தர வேண்டியது. மற்ற இரண்டும் நீங்கள் தொழில் கற்ற செலவு. வேலைப்பாட்டில் குறையிருப்பின், அதைச் சொல்லியே விலையைக் குறையுங்கள். மயிரிழை விரிசலைப் பிடிக்குள் மறைக்காதீர்கள். நனைந்த தானியத்தைக் குவியலின் அடியில் வைத்திருந்த வணிகரை நாயகம் (ஸல்) அவர்கள் கண்டித்தமை நாம் அறிந்ததே. செங்குத்துச் சரிவில் முறியும் கத்தி, ஓர் ஏழைத் தொழிலாளியின் கையைப் பதம் பார்த்துவிடும்.

இல்லாதவருக்கு உதவ விரும்பினால், அரை விலைக்கு விற்க வேண்டா, அன்பளிப்பாகவே கொடுத்துவிடுங்கள். ஈகை சந்தையைக் கெடுப்பதில்லை.

இரும்பை மென்மையாக்கித் தரப்பெற்ற தாவூது நபி (அலை) அவர்கள் தம் கையுழைப்பிலேயே உண்டார்கள். மக்கத்துக் கொல்லரான கப்பாப் (ரலி) அவர்கள் தமக்குரிய தொகையைக் கேட்டுச் சென்றபோது, தர மறுத்து ஏளனம் செய்தவனைக் கண்டித்துத் திருமறை வசனங்களே இறங்கின. கொல்லரின் கூலி அத்துணைப் பெரிது. அடுத்த கத்திக்கு விலை சொல்லுமுன், அடுத்த தெருவில் ஒலிக்கும் சம்மட்டிக்குச் சற்றுச் செவி கொடுங்கள்.