குழாய் வழியே நுழையும் கிருமி



எங்கள் தீவிர சிகிச்சைப் பிரிவைப் பார்க்க வருகிறவர்களின் கண் முதலில் மானிட்டர்மேலும் செயற்கைச் சுவாசக் கருவிமேலும் போகும். நோயாளியின் கழுத்தோரம் பிளாஸ்திரியால் ஒட்டியிருக்கும் மெல்லிய குழாயை யாரும் கவனிப்பதில்லை. இம்முறை அந்தக் குழாயைப்பற்றி எழுதுகிறோம்.

கையில் ஏற்றும் ட்ரிப்ஸ் உங்களுக்குத் தெரியும். வீரியமான சில மருந்துகளைக் கையிலுள்ள சிறிய இரத்தநாளங்கள் தாங்கா. அப்படிப்பட்ட சமயத்திலும், அவசரமாக டயாலிசிஸ் செய்யவேண்டிய சமயத்திலும், கழுத்திலோ தொடையிடுக்கிலோ உள்ள பெரிய இரத்தநாளத்திற்குள் நீண்ட குழாயைச் செலுத்துகிறோம். உயிர்காக்கும் காரியம்தான். ஆனால் தோல் என்னும் மதிலில் நாமே ஒரு துவாரம் போட்டுவிடுகிறோம். தோலின்மேல் சும்மா இருந்த கிருமி குழாயை ஒட்டியபடி உள்ளே இறங்கும். குழாயின் மூடியைக் கழுவாத கையால் திறந்தால், அந்த வழியாகவும் நேரே இரத்தத்தில் சேரும். குழாயின் உட்புறம் பாசிபோல் படிந்துவிட்டால் மருந்தினால் அதை அழிப்பது கடினம். பெரும்பாலும் குழாயையே எடுக்கவேண்டி வரும்.

சில வருடங்களுக்கு முன் கண்ணாடி விரியன் கடித்த ஒரு கூலித் தொழிலாளி எங்களிடம் வந்தார். சிறுநீரகம் செயலிழந்து, டயாலிசிஸ் செய்து, மெல்லத் தேறினார். சிறுநீர் நன்றாகப் பிரிய ஆரம்பித்தது. குழாயை அன்றே எடுத்திருக்கலாம். "இருக்கட்டும், ஒருவேளை தேவைப்படலாம்" என்று விட்டுவிட்டோம். மூன்றாம் நாள் கட்டிலே ஆடும்படி குளிர்நடுக்கம் கண்டது. இரத்தப் பரிசோதனையில் கிருமி வளர்ந்தது. அவர் பிழைத்தார். ஆனால் இன்னும் மூன்று வாரம் படுக்கையில் இருந்தார். அதற்குள் அவர் மனைவியின் கம்மல் அடகுக்கடைக்குப் போயிற்று. பாம்பு செய்ததற்கு நாங்கள் பொறுப்பல்ல. இதற்கு நாங்கள்தான் பொறுப்பு.

இதைத் தடுக்கப் பெரிய கருவி ஏதும் வேண்டியதில்லை என்பதை அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் நடந்த ஒரு முயற்சி காட்டியது. பீட்டர் ப்ரோனோவோஸ்ட் என்ற மருத்துவரின் தலைமையில், நூற்றுக்கும் மேற்பட்ட தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் ஐந்து காரியங்களைக் கண்டிப்பாக்கினார்கள். கை கழுவு, குளோர்ஹெக்சிடின் கொண்டு தோலைச் சுத்தம் செய், தொப்பி, முகமூடி, அங்கி, கையுறை அணிந்து நோயாளியை முழுத் துணியால் மூடு, கூடுமானவரை தொடையிடுக்கைத் தவிர், தேவை முடிந்ததும் குழாயை எடு. 2006ல் வெளியான அறிக்கையின்படி, ஆயிரம் குழாய்-நாட்களுக்கு 2.7 என்று இருந்த இடைநிலைத் தொற்று விகிதம் மூன்றே மாதத்தில் பூஜ்யமாயிற்று.

இந்த ஐந்தும் மருத்துவர்களுக்கு ஏற்கெனவே தெரிந்தவைதான். புதிதாக இருந்தது வேறொன்று: ஒரு படி விட்டுப்போனால், அவசரநிலை இல்லாதபோது, "நிறுத்துங்கள் டாக்டர்" என்று சொல்ல நர்சுகளுக்கு அதிகாரம் கொடுத்தார்கள். நம் ஊர் வார்டுகளில் இது லேசான காரியமல்ல. எங்கள் இளம் சிஸ்டர் ஒருவர் முதல்முறை அப்படிச் சொன்னபோது அவர் குரல் நடுங்கியது. மூத்த மருத்துவர் ஒன்றும் பேசாமல் திரும்பிப் போய்க் கை கழுவி வந்தார்.

இப்பொழுது ஒவ்வொரு காலையும் ரவுண்ட்ஸில், "இந்தக் குழாய் இன்றைக்கும் வேண்டுமா?" என்று கேட்கிறோம். இதற்குக் காசு செலவில்லை. கைகளுக்கான மருந்தை எங்கள் பார்மசியிலேயே தயாரிக்கிறோம். உலக சுகாதார நிறுவனம் கொடுத்துள்ள முறைப்படி, 80 சதவீத எத்தனாலோடு சிறிது கிளிசராலும் ஹைட்ரஜன் பெராக்சைடும் சேர்த்து, மூன்று நாள் வைத்திருந்து பிறகு உபயோகிக்கிறோம். கையில் அழுக்கோ இரத்தமோ தெரிந்தால் சோப்பும் தண்ணீரும்தான்.

காசு கேட்கும் காரியங்களும் உண்டு. ட்ரிப்ஸ் பாட்டிலின் மேல் காற்றுக்காக ஒரு ஊசியைக் குத்தி வைப்பதைப் பல மருத்துவமனைகளில் பார்த்திருப்பீர்கள். அந்த ஊசி வழியே வார்டின் காற்றும் மருந்துக்குள் போகிறது. காற்றே தேவைப்படாமல் தானாகச் சுருங்கும் பைகளுக்கு மாறியபோது அர்ஜென்டினாவின் மருத்துவமனைகளில் இத்தொற்று பாதிக்கும் மேல் குறைந்தது. அந்தப் பைகள் பாட்டிலைவிட விலை அதிகம். ஆகவே இப்போதைக்கு சென்ட்ரல் லைன் உள்ளவர்களுக்கு மட்டும் வாங்குகிறோம்.

ஒன்றை மனம்திறந்து சொல்கிறோம். கருவி வாங்கப் பணம் தருகிறவர்கள் அதன்மேல் குடும்பத்தார் பெயரைப் பொறிக்கச் சொல்வார்கள். அது நியாயமான ஆசைதான். கையுறைப் பெட்டியின்மேலும் குளோர்ஹெக்சிடின் பாட்டிலின்மேலும் பெயர் பொறிக்க முடியாது. வாரக் கடைசியில் அவை குப்பைக்கூடையில் கிடக்கும். மாதக் கடைசியில் கையிருப்பு தீர்ந்து, சிஸ்டர்கள் எண்ணி எண்ணிச் செலவழிப்பது அவற்றைத்தான்.

அடுத்தமுறை வார்டுக்கு வரும்போது வாசலில் மாட்டியிருக்கும் பாட்டிலைப் பாருங்கள். இரண்டு கைகளிலும், விரல் இடுக்குகளிலும், ஈரம் காயும்வரை தேய்த்துக்கொண்டு உள்ளே வாருங்கள். மறந்துவிட்டால் சிஸ்டர் தடுத்து நிறுத்துவார், தயவுசெய்து கோபித்துக்கொள்ளாதீர்கள்.