மெல்பேர்ண் கோப்பை

மெல்பேர்ண் கோப்பை என்பது ஆத்திரேலியாவின் மெல்பேர்ண் நகரில், பிளெமிங்டன் திடலில் ஆண்டுதோறும் நவம்பர் மாத முதல் செவ்வாய்க்கிழமை நடைபெறும் குதிரைப் பந்தயமாகும். மூன்று வயதும் அதற்கு மேலும் ஆன தொரோபிரெட் இனக் குதிரைகள் இதில் ஓடுகின்றன. பந்தயத் தொலைவு 3,200 மீட்டர்; அதிகபட்சம் 24 குதிரைகள் கலந்துகொள்ளலாம். பந்தய நாள் மெல்பேர்ணில் பொது விடுமுறை.

இது 'ஹேண்டிகேப்' வகைப் பந்தயம். எல்லாக் குதிரைகளும் ஒரே எடையைச் சுமப்பதில்லை. முந்தைய வெற்றிகளைக் கணக்கில் கொண்டு, திறமையான குதிரைக்குக் கூடுதல் எடையும் மற்றவற்றுக்குக் குறைந்த எடையும் விதிக்கப்படுகின்றன. ஜாக்கியும் சேணமும் சேர்ந்து அந்த எடைக்கு வராவிட்டால் சேணத்தின் பைகளில் ஈயத் தகடுகள் வைக்கப்படும். நன்றாக ஓடியதற்குத் தண்டனை போலத் தோன்றினாலும், எந்தக் குதிரைக்கும் வெல்லும் வாய்ப்பு இருப்பது இதனால்தான்.

முதல் பந்தயம் 1861 நவம்பர் 7 அன்று நடந்தது. 17 குதிரைகள் ஓடின, இரண்டு உயிரிழந்தன. நியூ சவுத் வேல்சிலிருந்து வந்த ஆர்ச்சர் வென்றது. அது 800 கிலோமீட்டர் நடந்தே வந்ததாக ஒரு கதை உண்டு. உண்மையில் அது நீராவிக் கப்பலில் வந்தது. 1862-லும் ஆர்ச்சரே வென்றது. 1863-இல் அதன் நுழைவை உறுதிசெய்யும் தந்தி, மெல்பேர்ணில் பொது விடுமுறையாக இருந்ததால் தாமதமாகச் சேர்ந்தது. ஆர்ச்சருக்கு அனுமதி மறுக்கப்பட்டது. இதனை எதிர்த்து மற்ற வெளி மாநிலக் குதிரைகளும் விலக, அவ்வாண்டு ஏழு குதிரைகளே ஓடின.

1890-இல் 39 குதிரைகள் ஓடின. அவற்றில் கார்பைன் ஏறத்தாழ 66 கிலோ சுமந்து வென்றது. வென்ற குதிரைகளுள் இதைவிட அதிக எடை சுமந்தது வேறில்லை.

எடை விதியின் கடுமையைக் காட்டுவது ஃபார் லாப்பின் கதை. நியூசிலாந்தில் பிறந்த இக்குதிரை, பொருளாதாரப் பெருமந்த காலத்தில் மக்களின் செல்லமாக விளங்கியது. 1930 பந்தயத்துக்குச் சில நாட்களுக்கு முன் அதைக் குறிவைத்துத் துப்பாக்கியால் சுட்டனர். தப்பிய ஃபார் லாப், 62.5 கிலோ சுமந்து எளிதாக வென்றது. மறு ஆண்டு 68 கிலோ விதிக்கப்பட்டது, எட்டாவதாகவே வந்தது. 1932 ஏப்ரலில் கலிபோர்னியாவில் இறந்தது. அதன் பாடம் செய்யப்பட்ட தோல் மெல்பேர்ணிலும், இதயம் கான்பராவிலும், எலும்புக்கூடு வெலிங்டனிலும் அருங்காட்சியகங்களில் உள்ளன.

இரண்டு மைல் (3,218 மீட்டர்) என்றிருந்த தொலைவு 1972-இல் 3,200 மீட்டராக்கப்பட்டது. பயிற்றுநர் பார்ட் கம்மிங்ஸ் 12 முறை கோப்பையை வென்றவர். மூன்று முறை வென்ற ஒரே குதிரை மக்கைபி திவா என்னும் பெண் குதிரை (2003, 2004, 2005). 2015-இல் வெற்றி வாய்ப்பு 100-க்கு 1 என மதிப்பிடப்பட்ட பிரின்ஸ் ஆஃப் பென்சான்சை ஓட்டி வென்ற மிசெல் பெய்ன், இக்கோப்பையை வென்ற முதல் பெண் ஜாக்கி ஆவார்.

குதிரைகளின் உயிரிழப்பு இப்பந்தயத்தின் மீதான முக்கியக் குற்றச்சாட்டு. 2014-இல் அட்மயர் ரக்தியும், 2020-இல் ஆண்டனி வான் டைக்கும் இறந்தன. 2021 முதல், வெளிநாட்டிலிருந்து வரும் குதிரைகளுக்கான மருத்துவச் சோதனைகள் கடுமையாக்கப்பட்டுள்ளன. கால் எலும்புகளை சி.டி. படம் எடுத்துப் பார்ப்பதும் அவற்றில் ஒன்று.