மீன் வயிற்றில் ஒரு டிரான்ஸ்மிட்டர்!

(எலெக்ட்ரானிக்ஸ் மூன்றாமாண்டு மாணவன்)



"நீர் மின்சாரத்தில் புகையில்லை, சாம்பலில்லை" என்று பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியிருக்கிறோம். எழுதினது தப்பில்லை. ஆனால் அந்தத் தண்ணீரிலேயே குடியிருக்கிற மீனைக் கேட்டால் என்ன சொல்லும்? கேட்பதற்கே ஒரு கருவி செய்திருக்கிறார்கள்!

அமெரிக்காவின் வடமேற்கில் ஓடுவது கொலம்பியா ஆறு. அதில் வந்து சேரும் துணையாறு ஸ்நேக். அங்கே சால்மன் மீன் ஆற்றில் பிறந்து, சின்னதாக இருக்கும்போதே கடலுக்குப் போய், சில வருஷம் வளர்ந்து, முட்டையிட மறுபடியும் பிறந்த ஆற்றுக்கே வரும். 1938-இல் பானவில் அணை இயங்க ஆரம்பித்தது. 1975-இல் லோயர் கிரானைட் அணையும் வந்தபோது, ஸ்நேக் ஆற்றுக் குஞ்சு கடலைப் பார்க்க எட்டு அணைகளைத் தாண்ட வேண்டியதாயிற்று.

மேலே ஏறும் பெரிய மீனுக்குப் படிப்படியாகத் தொட்டி கட்டி 'மீன் ஏணி' வைத்தார்கள். கீழே இறங்கும் குஞ்சுக்கு? மதகு வழியாகப் போகலாம், சல்லடை தடுத்துத் திருப்பிவிடும் வாய்க்காலில் போகலாம், இல்லாவிட்டால் டர்பைனுக்குள்தான். நாம் படம் போட்டுப் பாகம் குறித்த அதே கப்லான் டர்பைன்! அதன் இலை அடிக்கும். இலைக்குக் கீழே அழுத்தம் சட்டென்று குறைவதால் மீனின் காற்றுப்பை உப்பி வெடிக்கவும் செய்யும்.

எந்த வழியில் எத்தனை பிழைக்கிறது? இதை அறியத்தான் 2001 முதல் அமெரிக்க ராணுவப் பொறியாளர் படைக்காக ஒலி டேக் முறை உருவாக்கப்பட்டது. ஆழமான தண்ணீரில் ரேடியோ அலை சீக்கிரம் மங்கிவிடும். ஒலியோ விநாடிக்குச் சுமார் 1,500 மீட்டர் போகும். டேக் 416.7 கிலோஹெர்ட்ஸில் சத்தமிடும். நம் காதுக்கு எட்டுவது 20 கிலோஹெர்ட்ஸ் வரைதான். ஒவ்வொரு டேக்குக்கும் தனிக் கோடு எண் உண்டு, நம் ரோல் நம்பர் மாதிரி. முதலில் மீனை மயக்கி, வயிற்றைக் கீறி, வைத்துத் தைத்தார்கள். பிறகு ஊசியால் செலுத்தும் டேக் வந்தது. நீளம் 15 மில்லிமீட்டர், எடை 0.22 கிராம். அதற்குள் பேட்டரியும் அடக்கம்!

அணையில் ஹைட்ரோஃபோன்கள், அதாவது தண்ணீருக்குள் வைக்கும் மைக்குகள், இருக்கின்றன. ஒரே சத்தம் நாலு மைக்குக்கு வந்து சேரும் நேர வித்தியாசத்தை வைத்து, மீன் எந்த வாசலில் நுழைந்தது என்று கண்டுபிடிக்கிறார்கள்.

எங்கள் வீட்டில் முதலில் படிக்க வந்தவன் நான். இதை அம்மாவிடம் சொன்னபோது, "சத்தம் கேக்கலைன்னா மீன் செத்துச்சுன்னு எப்படிடா சொல்லுவ? மிசினு கேக்காம விட்டிருந்தா?" என்றார். சரியான கேள்வி! அதற்காகத்தான் ஆற்றில் ஒன்றன்கீழ் ஒன்றாக மைக் வரிசைகள் வைக்கிறார்கள்.

ஒரு கணக்குப் போடுவோம். விட்டது 1,000 குஞ்சு. அணைக்குக் கீழே முதல் வரிசையில் கேட்டது 882. இரண்டாம் வரிசையில் கேட்டது 800. அதில் 784 முதல் வரிசையிலும் கேட்டிருந்தது. ஆக முதல் வரிசையின் காது 98 சதவீதம் சரி. 882-ஐ 0.98-ஆல் வகுத்தால் 900. பிழைத்தது 90 சதவீதம். செத்த மீன் மிதந்து வந்து கணக்கைக் கெடுக்காதபடி வரிசைகளைத் தள்ளியே வைக்கிறார்கள்.

2008-இல் வைத்த இலக்கு: வசந்தத்தில் இறங்கும் குஞ்சுகளில் ஒவ்வோர் அணையிலும் 96 சதவீதம் பிழைக்க வேண்டும். கேட்க நல்ல மார்க்தான். ஆனால் 0.96-ஐ எட்டு தடவை பெருக்கிப் பாருங்கள்: 0.72. நூற்றுக்கு 28 குஞ்சு அணைகளிலேயே போய்விடும்!

மதகைத் திறந்தால் குஞ்சுக்கு நல்லது. ஆனால் அந்தத் தண்ணீரில் மின்சாரம் கிடைக்காது. மூடினால் மீன் குறையும். அந்த மீனை நம்பி வாழ்பவர்கள் யாக்கமா, நெஸ் பெர்ஸ் முதலிய பழங்குடி மக்கள். 1855 ஒப்பந்தப்படி அவர்களுக்கு மீன்பிடி உரிமை உண்டு. ஆனால் அவர்கள் காலங்காலமாக மீன் பிடித்த செலைலோ அருவியே 1957-இல் டாலஸ் அணை நீரில் மூழ்கிவிட்டது.

நண்பர்களே, நாளைக்கு நாமும் ஏதாவது பவர் ஹவுஸில் மீட்டர் பார்க்கப் போவோம். எத்தனை யூனிட் கிடைத்தது என்று மீட்டர் காட்டும். அதற்காக என்ன போனது என்று காட்ட இன்னொரு மீட்டர் வேண்டும். அதைச் செய்வதும் நம் படிப்புதான்!